அறுபத்து மூன்றாம் பக்கம்

நஸ்ருன்னிசாவுக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது சுத்தம்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், எட்டுக்குப் பத்து அறையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். ஹைகோர்ட்டில் மனு போடுகிறவர்கள் அதோடு சேர்க்கும் காகிதங்கள் படிக்கும்படியாக இருக்க வேண்டும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன பக்கம் ஒன்று இருந்தாலும், மனு வாங்கும் இடத்திலேயே குறிப்பு எழுதிக் கட்டைத் திருப்பிவிடுவார்கள். அந்த மாதிரிப் பக்கங்களைப் பார்த்துப் புதிதாக அடித்து வைப்பதுதான் அவள் வேலை. அவள் கை பட்ட கட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. இதை ஒரு நாளைக்கு இரண்டு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சூர்யாவின் கட்டும் அப்படித்தான் அவளிடம் வந்தது. பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு குப்பத்துக்காரன். வலை காயப்போடும் மணலை அளந்து வேலி போட ஆட்கள் வந்தபோது, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். தள்ளுமுள்ளு நடந்தது, ஒரு கேஸ் போட்டார்கள். அதில் எப்படியும் ஜாமீன் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும், அவன் வெளியே வருவதற்குள் குண்டாஸ் போட்டார்கள். குண்டாஸ் என்றால் விசாரணை இல்லை, ஜாமீன் இல்லை, ஒரு வருடம் புழல் ஜெயில். மணலில் உட்கார்ந்ததற்கு ஒரு வருடம். இதைக் கேட்டும் ஒருவருக்குக் கோபம் வரவில்லை என்றால் அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை.

அவனை வெளியே எடுக்க ஒரே வழி ஹைகோர்ட். ஒருவனை இப்படி அடைத்தால், எதற்காக அடைத்தோம் என்று காட்டும் காகிதங்களையெல்லாம் ஒரு புத்தகமாகத் தைத்து அவன் கையில் கொடுத்தாக வேண்டும். புக்லெட் என்பார்கள். அதில் ஒரு முக்கியமான பக்கம் படிக்க முடியாமல் இருந்தால், அவன் பதில் சொல்லும் வழியையே அடைத்த மாதிரி. அந்த ஒரு காரணத்துக்காகவே உத்தரவை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதனால் வக்கீல் வைதேகி, மங்கிய பக்கம் கண்ணில் பட்டால் அதில் சிவப்புக் காகிதம் ஒட்டி, ‘தொடாதே’ என்று எழுதித்தான் நஸ்ருன்னிசாவுக்கு அனுப்புவாள். சூர்யாவின் கட்டு வந்தது கோர்ட் விடுமுறைக்கு முந்தின நாள். வைதேகி புரட்டிப் பார்க்கவில்லை, சிவப்புக் காகிதமும் ஒட்டவில்லை. நஸ்ருன்னிசா தன் வழக்கப்படி எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கி அனுப்பினாள்.

விடுமுறை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வைதேகி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். கறுப்புக் கோட்டு கையில் தொங்கியது. பின்னாலேயே சூர்யாவின் மனைவி அஸ்வினி. காலையில் மீன் விற்றுவிட்டு அப்படியே கோர்ட்டுக்குப் போய் வந்திருந்தாள்.

“நஸ்ரு, அறுபத்து மூணாம் பக்கத்தை நீ எப்படிப் படிச்சே?” என்றாள் வைதேகி.

“லென்ஸ் வெச்சுத்தான் மேடம். ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல புடிச்சு.” பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

“நான் கோர்ட்டில நின்னுண்டு, இந்தப் பக்கம் மனுஷா படிக்கிற மாதிரியே இல்லைன்னு வாதம் பண்ணிண்டிருக்கேன். அரசு வக்கீல் நம்ம கட்டைப் பிரிச்சுக் காட்டறார். இவாளே படிச்சு அழகா டைப் அடிச்சு வெச்சிருக்காளே, அப்புறம் எப்படிப் படிக்க முடியலைங்கறான்னு கேக்கறார். உங்களுக்குப் படிக்க முடியறதான்னு ஜட்ஜ் கேட்டார். அரசு வக்கீல் புக்லெட்டைக் கையில வெச்சுண்டு கடகடன்னு வாசிச்சுட்டார்.”

“எதை வாசிச்சார்?”

வைதேகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னாள். “பொதுமக்கள் உயிருக்குப் பயந்து நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள், கடைக்காரர்கள் கடைகளை அடைத்தார்கள், போக்குவரத்து ஸ்தம்பித்தது. ஒரு இடத்தில தடுக்கலை மனுஷன். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு வாய்தா. அன்னிக்கு முடிச்சுடுவா.”

அஸ்வினி உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த நாலடியில் நடந்துகொண்டே இருந்தாள். “வேற பாயிண்டே இல்லியா மேடம்?” என்றாள்.

“இருக்கு. எல்லாம் சுமார்தான். இதைத்தான் நம்பிண்டிருந்தேன்.”

அஸ்வினி நடப்பதை நிறுத்தி நஸ்ருன்னிசாவைப் பார்த்தாள். “உன்ன நாலு வார்த்த கேக்கணும்னுதாங்கா வந்தேன். வழியெல்லாம் யோசிச்சிகினே வந்தேன். இன்னான்னு கேக்கறது? நல்லா வேல செஞ்சதுக்கா?” என்றாள். பிறகு குரல் இறங்கி, “இன்னும் எட்டு மாசம் கீதுக்கா” என்றாள்.

அவர்கள் போன பிறகு நஸ்ருன்னிசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஃபேனைக் குறைத்தாள், கூட்டினாள். கீழே போய் டீ சொல்லிவிட்டு டீ வருவதற்குள் மாடிக்கு வந்துவிட்டாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னிடம் இருந்த புக்லெட் நகலில் அறுபத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து லென்ஸை வைத்தாள்.

அது ஒரு டீக்கடைக்காரரின் வாக்குமூலம். மேலே ஆறு வரி தெரிந்தது: பெயர், வயது, கடை இருக்கும் இடம், சூர்யாவும் மற்றவர்களும் மணலில் உட்கார்ந்திருந்தது. அடியில் ‘படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது’ என்பதும் தெரிந்தது. நடுவில் இருந்தது வெறும் கறுப்பு. ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், டார்ச் அடித்தாள், மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கினாள். கறுப்பு பெரிய கறுப்பானதுதான் மிச்சம்.

அந்த நடு வரிகளை அவள் படிக்கவே இல்லை. டைப் அடிக்கவும் இல்லை என்பது அதைவிட மோசம். குண்டாஸ் புக்லெட் எதை எடுத்தாலும், பொதுமக்கள் சிதறி ஓடுவார்கள், கடைக்காரர்கள் கடையை அடைப்பார்கள், போக்குவரத்து ஸ்தம்பிக்கும். திருவான்மியூரில் சண்டை என்றாலும் அதுதான், தேனாம்பேட்டையில் சண்டை என்றாலும் அதுதான். ஒவ்வொரு தடவையும் அடிப்பானேன் என்று, ‘பொம’ என்று தட்டி ஸ்பேஸ் விட்டால் மூன்று வரியும் தானாக வந்து விழும்படி எப்போதோ கம்ப்யூட்டரில் அமைத்து வைத்திருந்தாள். டீக்கடைக்காரரின் பக்கத்தில் கறுப்பு வந்ததும் கை தானாகப் போய் ‘பொம’ தட்டியிருக்கிறது. மூளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

மேலே இருக்கப் பிடிக்காமல் தெருவுக்கு வந்தாள். சந்து முனை ஆட்டோ ஸ்டாண்டில் வெள்ளைச்சாமி சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு குண்டாஸ்காரர்தான். சவாரிச் சண்டையில் ஒரு பெரிய இடத்துப் பையன் மேல் கை வைத்துவிட்டார் என்று மூன்று வருடத்துக்கு முன் பிடித்துப் போட்டார்கள். வேறொரு வக்கீல் நடத்திய கேஸ், அந்தக் கட்டையும் நஸ்ருன்னிசாதான் அடித்தாள். மனு தள்ளுபடியாகி, ஒரு வருடத்தை முழுதாகக் கழித்துவிட்டு வந்தார். வந்த பிறகும் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்பார். “உன் வேல சுத்தமா இருந்திச்சிக்கா, நம்ம டைமுதான் செரியில்ல” என்று எல்லோரிடமும் சொல்வார்.

“எங்கக்கா, சவாரியா?” என்றார்.

“இல்லண்ணே, சும்மாதான்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தடுப்பு போட்டு வைத்திருந்தார்கள். நேராகப் போக வேண்டிய இடத்துக்கு மூன்று திருப்பம் திரும்ப வேண்டியிருந்தது. சித்திரக்குளத்தை ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்றும் சுற்றினாள். தன் வேலை மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அஸ்வினி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மூன்றாவது சுற்றில், பூக்காரியின் குடையைத் தாண்டும்போது சட்டென்று நின்றாள்.

நான் படிக்காததை அந்த வக்கீல் எப்படிப் படித்தார்?

அவர் புக்லெட்டைக் கையில் பிடித்திருந்தார், கண் அவள் அடித்த பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை மாறாமல் வாசித்தது அவளுடைய ‘பொம’வை. அவருக்கும் கறுப்புதான் தெரிந்திருக்கும். இதைக் கோர்ட்டில் சொன்னால் சூர்யா வெளியே வரலாம். ஆனால் சொல்ல வேண்டுமென்றால், ஹைகோர்ட்டில் போட்ட காகிதத்தில் இல்லாததை எழுதினேன் என்று அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் கணவன் குலாம் ரசூல் ராயப்பேட்டையில் கார் சீட் கவர் தைப்பவர். அதிர்ந்து பேசாதவர். அன்று சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். உருதுவில்தான் பேசினார். பொய் எழுதினேன் என்று நாமே போய் ஒப்புக்கொள்வதா, யாராவது கேட்டார்களா, நம் பெயரைப் பார்த்தாலே மற்றவர்களைவிட நாலு கேள்வி கூடக் கேட்பார்கள், அப்புறம் எந்த வக்கீல் உனக்கு வேலை தருவான் என்று கேட்டார். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி.

“அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்லை” என்று மட்டும் சொன்னாள்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். காலையில் அவள் கிளம்பும்போது மேஜை மேல் அவளுடைய ஆதார் நகல் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தது. அஃபிடவிட்டுக்கு அது வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

வைதேகியின் வீட்டுக் கூடத்தில் வைத்து நஸ்ருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்ட வைதேகிக்கு முதலில் முகம் மலர்ந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் மலர்ந்த முகம் வாடிப்போயிற்று.

“இரு, இரு. நீ டைப் அடிச்சே. அதுல ‘உண்மை நகல்’னு கையெழுத்துப் போட்டது யாரு?”

நஸ்ருன்னிசா வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

“நான். ஒப்பிட்டுப் பார்க்காமப் போட்டிருக்கேன். இருபத்தெட்டு வருஷ ப்ராக்டிஸ். ஆத்துல ஒருத்தரும் இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கோர்ட்டிலயும்தான்.” வைதேகி ஊஞ்சலில் உட்கார்ந்தாள், உடனே எழுந்துவிட்டாள். “நீ மட்டும் தப்பை ஒத்துண்டு, நான் ஒண்ணும் தெரியாத மாதிரி பக்கத்தில நின்னுண்டிருந்தா நன்னாவா இருக்கும்?”

“உங்களுக்கு எதுவும் ஆயிடுமா மேடம்?”

“தெரியாது. நாலு பேர் முன்னாடி வாங்கிக் கட்டிக்கப் போறேன், அது நிச்சயம்.” கூடத்தை இன்னொரு முறை குறுக்கே நடந்துவிட்டு வந்து, “ரெண்டு அஃபிடவிட் அடி. ஒண்ணு உன்னோடது, ஒண்ணு என்னோடது. மூல வாக்குமூலத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு வரணும்னு ஒரு மனுவும் அடி” என்றாள்.

ஆயிரக்கணக்கில் அஃபிடவிட் அடித்தவள்தான். ‘நான்’ என்று தொடங்கித் தன் பெயரை அடித்தது இதுதான் முதல் தடவை. நாலு வரி அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை ஹைகோர்ட்டில் அவர்கள் கேஸ் முப்பத்தொன்றாவது. நஸ்ருன்னிசாவும் அஸ்வினியும் கடைசி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அஸ்வினியின் முழங்கால் ஆடியபடியே இருந்தது. அந்த ஆட்டம் பெஞ்சு வழியாக நஸ்ருன்னிசாவுக்கும் வந்தது, அவள் நகர்ந்து உட்காரவில்லை.

முப்பத்தொன்று கூப்பிட்டார்கள். வைதேகி எழுந்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இரண்டு நீதிபதிகளில் மூத்தவரின் முகம் இறுகியது. பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். வைதேகி தவறுதான் என்றாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் தவறுதான் என்றாள். காரணம் எதுவும் சொல்லாமல் நின்ற அந்த வைதேகியை நஸ்ருன்னிசாவுக்கு ரொம்பப் பிடித்தது.

“டைப் அடித்தவர் வந்திருக்கிறாரா?” என்று நீதிபதி தமிழில் கேட்டார்.

நஸ்ருன்னிசா எழுந்து முன்னால் போனாள். முப்பது கறுப்புக் கோட்டுகள் வழிவிட்டன. அதில் பாதிப் பேருக்கு அவள் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

“இந்தப் பக்கத்தில் இல்லாததை ஏன் எழுதினீங்க? யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலைங்க ஐயா. பழக்கம்.”

“என்ன பழக்கம்?”

“இந்த மூணு வரி எல்லா புக்லெட்லயும் வரும் ஐயா. பதினோரு வருஷமா வருது. அதனால கம்ப்யூட்டர்லயே போட்டு வெச்சிட்டேன். ரெண்டு எழுத்து தட்டினா மொத்தமும் வந்துடும். இந்தப் பக்கம் கறுப்பா இருந்துச்சு. இங்க என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். மூல வாக்குமூலம் இருந்த கோப்பு அவர் கையில்தான் இருந்தது. “போன வாரம் நீங்கள் வாசித்த வரிகளை இதில் காட்டுங்கள்” என்றார்.

அரசு வக்கீல் பக்கத்தைப் பார்த்தார். முன்னால் ஒரு பக்கம் திருப்பினார், பின்னால் ஒரு பக்கம் திருப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு நாளைக்கு நாற்பது கேஸ் வாசிக்கிறவர். அவருக்கும் பழக்கம்தான். கடைசியில் கோப்பை அப்படியே மேலே நீட்டிவிட்டார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தானே தமிழில் உரக்க வாசித்தார்.

“போலீசார் வந்து அவர்களை எழுந்திருக்கச் சொன்னார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கூட்டம் இருந்ததால் அன்று எனக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கடையை மூடினேன்.”

சிரிப்பு எழுந்தது. இளைய நீதிபதியும் சிரித்துவிட்டார். நஸ்ருன்னிசா சிரிக்கவில்லை. ஒருவர் அன்று டீ நன்றாகப் போனது என்று சொன்ன இடத்தில், ஊரே பயந்து ஓடியதாக அவள் எழுதி வைத்திருந்தாள்.

உத்தரவு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அறுபத்து மூன்றாம் பக்கம் படிக்கும் நிலையில் இல்லை, ஆகவே உத்தரவு ரத்து, வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும். வைதேகிக்கு எச்சரிக்கை. நஸ்ருன்னிசாவுக்கும் எச்சரிக்கை. அடுத்தது முப்பத்திரண்டு.

வெளியே வராந்தாவில் அஸ்வினி இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் வாடையும் மல்லிகை வாடையும் கலந்து வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“மணல்ல குந்தினது தப்பில்லன்னு சொன்னாங்களா மேடம்?”

“அதைப் பத்திப் பேசவே இல்லைம்மா. பக்கம் படிக்க முடியலைன்னுதான் சொன்னா.”

“அப்போ நாளைக்கு மறுக்கா போய்க் குந்துனா?”

“மறுபடியும் போடலாம்.” வைதேகி கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். “போட்டா மறுபடியும் வருவோம். அடுத்த தடவை கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு வருவேன்.”

மற்ற கேஸில் ஜாமீன் முன்பே கிடைத்திருந்ததால், சூர்யா வியாழக்கிழமை புழலிலிருந்து வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருமாக மாடியேறி வந்து, ஒரு பெரிய வஞ்சிரத்தைக் காகிதத்தில் சுற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். நஸ்ருன்னிசா சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். அவர்கள் கடைசிப் படி இறங்கிய பிறகு, மூன்று நாளாகச் செய்ய வேண்டும் என்று தள்ளிப்போட்டதைச் செய்தாள். ‘பொம’வைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள்.

அழித்த பிறகும் மனசு ஆறவில்லை. பழைய கோப்புகளைத் திறந்து அந்த மூன்று வரிகளைத் தேடச் சொன்னாள். பட்டியல் திரையை நிறைத்துக் கீழே ஓடிக்கொண்டே போயிற்று. இவற்றில் எவ்வளவு பக்கத்தில் தெரிந்ததைப் பார்த்து அடித்தாள், எவ்வளவில் கறுப்பைப் பார்த்து அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தன. நடுவில் ஒரு பெயரில் கண் நின்றது. திறந்தாள். நாற்பத்தோராம் பக்கம், ஒரு பூக்கடைக்காரரின் வாக்குமூலம். பொதுமக்கள் உயிருக்குப் பயந்து நாலா பக்கமும் சிதறி ஓடியிருந்தார்கள்.

மீனை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். வெள்ளைச்சாமி அவளைப் பார்த்ததும் வழக்கம்போல் எழுந்து நின்றார்.

“எங்கக்கா போவணும்?”

“எங்கயும் இல்லண்ணே. உங்க கேஸ்ல ஜெயில்ல ஒரு புக்லெட் குடுத்தாங்களே, அது இருக்கா?”

“வூட்ல பரண் மேல கீதுக்கா. அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே, இப்ப இன்னாத்துக்கு?”

நஸ்ருன்னிசா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்கு விடுங்கண்ணே. நான் அதை இன்னும் படிக்கலை.”